உரக்கச் சொல்லவும்

கடைசித் தாளையும் எந்திரம் உள்ளிழுத்துக்கொண்டது. நரின் நகரத்து அரசுச் சேவைக்கூடத்தின் வாயிலில் நின்ற அந்த இரும்புப் பெட்டி, இரண்டு குளிர்காலம் சால்வை பின்னி விற்று ஜிபார் ஒளித்துவைத்திருந்த சோம் நோட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கியபின், தொகை உங்கள் கைபேசி எண்ணின் பணப்பையில் சேர்ந்தது என்று பச்சை எழுத்தில் அறிவித்தது. போன மாதம்வரை இங்கே ஒரு காசாளர் இருந்தாள். பணத்தை நீட்டினால் முத்திரை குத்திச் சீட்டுத் தருவாள். கையை மட்டுமே பார்ப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். இன்று அவளுடைய கண்ணாடிக்குப் பின்னே வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது: ரொக்கம் பெறப்படாது. எல்லாம் எளிதாகிவிட்டது என்று கீழே சிரிக்கும் பெண்ணொருத்தியின் படம்.

மூன்றாம் சாளரத்தில் இருந்த தமீரா, பாஸ்போர்ட் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, கட்டணத்தைக் கைபேசியில் கட்டச் சொன்னாள். ஜிபார் அழுத்தினாள். உறுதி எண் உரிமையாளருக்கு அனுப்பப்பட்டது, பத்து நிமிடத்துக்குள் இடவும் என்று வந்தது. அவளுக்கோ ஓர் எண்ணும் வரவில்லை.

"இந்த நம்பர் உன் பேர்ல இல்லம்மா. காசும் அவங்க பணப்பைக்குத்தான் போயிருக்கு. யாரு பேர்ல வாங்கினது?"

ஜிபார் மணமாகி வந்த வாரத்தில் மாமியார் தன் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கித்தந்த எண் அது. மாமியாரை 'அபா', அதாவது அம்மா, என்று அழைக்கலாம். பெயரைச் சொல்லல் ஆகாது. கணவன் வீட்டு மூத்தோர் பெயரை மருமகளின் நாவு தீண்டினால் அந்த வீட்டின் மதிப்பு மண்ணாகும் என்பது ஊர் வழக்கு. அந்தப் பெயரின் முன்பாதி அவர்கள் மொழியில் ஆப்பிளைக் குறித்தமையால், ஆறாண்டாக அவள் சந்தையில் ஆப்பிளைக்கூடச் சிவப்புப் பழம் என்றே கேட்டு வாங்கினாள். விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்.

தமீரா சிரித்தாள். "இன்னும் இப்படி மருமக இருக்காளா? எங்க கம்ப்யூட்டருக்கு வெட்கம் மானமெல்லாம் கிடையாது, தங்கச்சி. போன் போட்டு அவங்களுக்கு வந்த நம்பரைக் கேளு. எனக்கு வரிசை நிக்குது."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. சுவரோரப் பெஞ்சில் ஜிபாரின் ஊர்க்காரி ஒருத்தி, நிலவரித் தாளை மடியில் வைத்தபடி, காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். இஸ்தான்புல் தையற்கூடத்துக்கு ஆள் சேர்ப்பவன், கட்டிய சீட்டை மாலைக்குள் அனுப்பாதவள் பெயரை அடித்துவிடுவேன் என்றிருந்தான். அடுத்த பட்டியல் எப்போதென்று அவனுக்கே தெரியாது. ஜிபார் அழைத்தாள்.

மறுமுனையில் பாலேடு பிரிக்கும் எந்திரத்தின் ஓசை கேட்டது.

"வந்திருக்கு," என்றாள் மாமியார். "ஆறு இலக்க நம்பர். எவ்வளவுன்னும் வந்திருக்கு. என் சோத்தத் தின்னுக்கிட்டு இவ்வளவையும் எங்கடி பதுக்கின?"

"சால்வை வித்த காசு, அபா."

"கம்பளி எவ வீட்டு ஆட்டுது?"

ஜிபார் பொறுத்தாள். இஸ்தான்புல்லுக்குத் தைக்கப் போவதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எந்திரத்தின் ஓசை நின்றது.

"என் மகன் திரும்பி வர்றப்ப வாசல்ல நிக்க ஆள் வேணும்."

"அவரு வரமாட்டாரு. மாஸ்கோவுல அவருக்கு ரெண்டு பிள்ளை இருக்கு, அபா."

"அது உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்." குரலில் ஒரு சுருக்கமும் விழவில்லை. "மூத்ததுக்குப் பேரு வச்சதே நான்தான். மாடு கறக்க ஆளில்லாம வீடு நடக்குமா? காசு என் பேர்ல நல்லாத்தான் இருக்கு, வைக்கோலுக்கு ஆகும். பொழுது சாயறதுக்குள்ள வந்து சேரு."

இணைப்பு அறுந்தது. ஆறாண்டு விடியலில் உறைந்த விரல்களால் கறந்த பாலெல்லாம் ஒருகணம் அவள் நெஞ்சில் திரிந்தது. மாஸ்கோக் குழந்தைக்குப் பெயர் வைத்தவளின் பெயரை, இவள் இங்கே வாய்க்குள் பூட்டிக் காத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் பத்து நிமிடமும் தீர்ந்தது. காசைத் திரும்பத் தரமுடியுமா என்று கேட்டாள். எந்திரம் வாங்கும், கொடுக்காது என்றாள் தமீரா. அடுத்தவரை அழைக்கக் கையை உயர்த்தியவள், என்ன நினைத்தாளோ, தாழ்த்தினாள்.

"ஒரு வழி இருக்கு. போன் கேமரா முன்னால நின்னு, இந்த நம்பரை ஆறு வருஷமா நான்தான் வச்சிருக்கேன், உரிமைக்காரங்க இன்னாருன்னு முழுப் பேரையும் வாயால சொல்லணும். முகமும் அட்டையும் ஒத்துப்போனா நம்பரும் காசும் உன் பேருக்கு மாறும். ஆனா அந்தப் படம் அவங்களுக்கும் போகும். உன் முகத்தோட, குரலோட."

ஜிபார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிஸ்மில்லா என்றாள். கைபேசியைக் கண்ணெதிரே பிடித்தபோது திரையின் மூலையில் சிவப்புப் புள்ளியொன்று விழித்தது. எண்ணைச் சொன்னாள், பெயரின் இடம் வந்ததும் உதடு மட்டும் அசைந்தது.

குரல் போதவில்லை, உரக்கச் சொல்லவும் என்றது கைபேசி.

இரண்டாம் முறை பாதிப் பெயர் வந்தது. அதையும் ஏற்கவில்லை. வரிசையில் ஒருவன், பெயரா பேதிமருந்தா, சீக்கிரம் துப்பச் சொல்லுங்கள் என்றான். ஒருவரிருவர் சிரித்தார்கள். பெஞ்சுக்காரி சிரிக்கவில்லை, நிலவரித் தாளை மடித்து எழுந்து நின்றாள். இங்கே உதிரும் சொல் பேருந்துக்கு முன்னே ஊர் சேர்ந்துவிடும்.

"அல்மாகான்," என்றாள் ஜிபார். "அல்மாகான் பெய்ஷெனலியேவா."

பனிமலையில் ஒரு கல் பெயர்ந்தது போலிருந்தது. தமீராவின் விரல்கள் விசைப்பலகைமேல் அசையாமல் கிடந்தன. ஊர்க்காரி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவப்புப் புள்ளி அணைந்து, சரிபார்க்கப்படுகிறது என்ற சொல்லின்மேல் பச்சை வளையமொன்று சுழலத் தொடங்கியது. கால், அரை, முக்கால்.

அப்போது கைபேசி அதிர்ந்தது. 'அபா' என்ற சொல் திரை முழுவதையும் மூடிக்கொண்டு ஒளிர்ந்தது. அதன் ஓரத்தில், வளையத்தின் பச்சை விளிம்பு மட்டும் நூலளவு தெரிந்தது. அது சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க ஜிபார் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். உள்ளங்கைக்குள் அது விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.