பூஜ்யம் காட்டிய பிறகு

ஒலிபெருக்கி செய்யும் தொழிற்சாலையில் காந்தமேற்றும் இயந்திரத்தை அண்ணி ஓட்டினாள். அது மக்கர் பண்ணினால் பிரித்துச் சரிசெய்வது நாத்தனாரின் வேலை. நாத்தனாருக்கு அங்கே ‘மீட்டர்’ என்றுதான் பெயர். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சாப்பிடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

இயந்திரம் ஓர் அலமாரி அளவு இருக்கும். அதற்குள் வரிசையாகப் பூட்டிய கெபாசிட்டர்களில் மின்சாரம் மெல்ல ஏறிச் சேரும். கறுப்பு வளையத்தைச் செம்புக் கம்பி சுற்றிய காயிலுக்குள் வைத்து அண்ணி பொத்தானை அழுத்தினால், சேர்ந்ததெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் காயிலில் பாய்ந்துவிடும். ‘டப்’ என்று ஒரு சத்தம். வளையம் காந்தமாகியிருக்கும்.

ஒருநாள் மதியம் காந்தங்கள் சோப்ளாங்கியாக வர ஆரம்பித்தன. ஆணியைக்கூடப் பிடித்து நிறுத்தவில்லை. மீட்டர் வந்து கதவைத் திறந்தாள். கெபாசிட்டர்களை இணைக்கும் செம்புப் பட்டை ஓர் இடத்தில் தளர்ந்து கறுத்திருந்தது. காயிலுக்குப் போகவேண்டிய ஆற்றலில் பாதி அந்த இடத்திலேயே சூடாகத் தீர்ந்துகொண்டிருந்தது.

மின் இணைப்பைத் துண்டித்தாள். கெபாசிட்டர்களில் மிச்சமிருந்ததை ஒரு பெரிய மின்தடை வழியாக வடித்தாள். அது கை வைக்க முடியாதபடி சுட்டது. பிறகு கெபாசிட்டர்களின் இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்துப் பொறி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. கம்பியை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தாள். பூஜ்யம். கெபாசிட்டர் தொகுப்பை அப்படியே வெளியே இழுத்து மேசைமேல் வைத்தாள்.

“செத்துப்போச்சு அண்ணி. இனி பயமில்ல,” என்று சொல்லிவிட்டுப் புது போல்ட் வாங்க ஸ்டோருக்குப் போனாள்.

ஸ்டோரில் ஆள் இல்லை. காத்திருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது இயந்திரத்தைச் சுற்றிக் கூட்டம். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காத அண்ணி, முனைகளில் படிந்திருந்த தூசியைத் துணியால் துடைக்கப் போயிருக்கிறாள். பளீரென்று அடித்திருக்கிறது. உதறியதில் பின்னால் சாய்ந்து, ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்துவிட்டது.

எலும்பு முறிந்ததோடு போயிற்று என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஓட்டும் அண்ணன் சீருடையைக்கூடக் கழற்றாமல் தங்கையின் முன்னால் வந்து நின்றான்.

“நீ சொன்னேன்னுதானே கை வச்சா?”

“பூஜ்யம் காட்டுச்சுண்ணா. என் கண்ணால பார்த்தேன்.”

“அப்ப அவளை அடிச்சது எது, காத்தா?”

தொழிற்சாலையிலும் அதே கேள்விதான். சூப்பர்வைசர் கெட்ட மனிதரல்ல. ஆனாலும், “அவசரத்துல சரியா பார்க்காம விட்டிருப்ப. எல்லாருக்கும் நடக்கிறதுதான். கொஞ்ச நாள் அந்த மெஷின் பக்கம் போகாதே,” என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இருக்கட்டும் என்று மன்னிக்கப்படுவதுதான் அதிகமாகச் சுட்டது. தான் பார்த்தது பூஜ்யம்தானா, பக்கத்தில் இன்னொரு எண் இருந்து கவனிக்கவில்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்விடுவாள்.

கட்டுப் போட்ட கையோடு அண்ணிதான் ஒரு காலையில் அந்தக் கதவைத் தட்டினாள்.

“இங்க பாரு. நீ சொன்னதும் பொய்யில்ல, எனக்கு அடிச்சதும் பொய்யில்ல. ரெண்டும் நிஜம்னா நடுவுல நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இருக்கு. அன்னைக்கு என்ன செஞ்சியோ, அதை என் முன்னாடி அப்படியே செஞ்சு காட்டு.”

“வேண்டாம் அண்ணி. யாரும் நம்பப்போறதில்ல.”

“முறிஞ்சது என் கை. நான் கேட்கிறேன்.”

சூப்பர்வைசர் தயங்கித்தான் சம்மதித்தார். மீட்டர் அந்தப் பட்டையைச் சரிசெய்து, தொகுப்பை மறுபடி பூட்டி, அந்த நாளைப் போலவே மறுநாள் காலையிலிருந்து இயந்திரத்தை ஓட்டினாள். மதியம் அண்ணியும், அவளுக்குத் துணையாக அண்ணனும் வந்தார்கள். அதே வரிசையில் எல்லாம் நடந்தது. துண்டித்தாள், வடித்தாள், கம்பியால் இணைத்தாள், கம்பியை எடுத்தாள், வெளியே இழுத்து வைத்தாள். இந்த முறை எல்லோரும் பார்க்கட்டும் என்று மல்டிமீட்டரை முனைகளிலேயே கவ்வவிட்டாள். பூஜ்யம்.

“இதேதான் அன்னைக்கும் காட்டுச்சா? அப்ப என் பொண்டாட்டி நடிச்சு விழுந்தாளா?” என்றான் அண்ணன்.

“அப்படி யாரும் சொல்லலையே,” என்றார் சூப்பர்வைசர்.

“சொல்லாம சொல்றீங்க. பாதுகாப்புக்கு ஒரு ஆளை நிறுத்தாம இப்ப வந்து…”

“சார், வேலை செய்யறது உங்க தங்கச்சி. என்கிட்ட கேட்டா எப்படி?”

இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். மீட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணி மட்டும் மேசையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கொஞ்சம் வாயை மூடுறீங்களா?” என்றாள். “அது ஏறுது.”

எண் நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று தொடங்கியது இப்போது முப்பது வோல்ட்டைத் தாண்டியிருந்தது. இயந்திரத்தோடு எந்த ஒயரும் சேரவில்லை. யாரும் தொடவில்லை. அவர்கள் பார்க்கப் பார்க்க நூறுக்குப் போயிற்று. அண்ணன் தன்னையறியாமல் மனைவியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

மீட்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். படிக்கும் காலத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன விஷயம் அது. கெபாசிட்டரின் தகடுகளில் இருப்பது நொடியில் வடிந்துவிடும். தகடுகளுக்கு நடுவே இருக்கும் காப்புப் பொருளுக்குள் ஊறிப்போனது அவ்வளவு சீக்கிரம் வராது. முனைகளை இணைக்காமல் விட்டால் ஊறியது நிதானமாகத் தகடுகளுக்குத் திரும்பும். ஸ்டோரில் அவள் காத்திருந்த நேரம் அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. பெரிய தொகுப்பு, நாள் முழுக்க ஏறி இறங்கியது. திரும்பி வந்தது கொஞ்சம்தான் என்றாலும் ஆளைத் தள்ள அது போதும்.

திக்கித் திக்கி இதை அவள் சொல்லி முடித்தபோது சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

“நானா இருந்தாலும் கம்பியை எடுத்துட்டுத்தான் போயிருப்பேன்,” என்றார்.

“இனிமே எடுக்கக்கூடாது சார். வேலை முடியற வரைக்கும் கம்பி முனையிலேயே இருக்கணும். எடுத்தா கெட்டது.”

“கம்பிக்குப் பதிலா நீயே ஒரு செம்புப் பட்டை வெட்டிக் கொடு. போல்ட் போட்டு முறுக்கிடலாம்.”

அவள் மறுபடி கம்பியை வைத்தாள். சின்னதாக ஒரு பொறி தெறித்தது. அதைப் பார்த்து அண்ணி, “இதுதானா என்னைத் தள்ளினது? பார்த்தா பூனைக்குட்டி மாதிரி இருக்கு,” என்றாள். மீட்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டை வெட்டப் போனாள்.

சாயங்காலம் மூவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். அண்ணன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த வீட்டு ஆண்களுக்கு அது வராது. வாசலில் தங்கையின் தோளிலிருந்த கருவிப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

“கனமா இருக்கா?” என்றாள் அண்ணி.

“இருக்கு,” என்றான் அவன்.

“தினமும் அவ அதைத்தான் தூக்கிட்டு வர்றா,” என்று சொல்லிவிட்டு, நல்ல கையால் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி சாலையைக் கடந்தாள்.