யாரைக் கோபித்துக்கொள்வது

அழக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் பரீதா மலேசியாவின் கிள்ளான் போலீஸ் லாக்கப்புக்குள் போனாள். அவளைப் பார்த்ததும் கணவர் ரபீக் கேட்டது, ஜிலேபி கொண்டுவந்தாயா என்று.

முந்தின நாள் மத்தியானம் கார் நிறுத்துமிடத்தில் பாலன் என்ற காவலாளியை அவர் காரின் ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டால் அடித்திருந்தார். காரை வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னதைத் தவிர அந்த மனிதர் எதுவும் செய்யவில்லை. அவருடைய வலது கண் போய்விட்டது என்று பரீதா சொன்னபோது ரபீக் "அப்படியா" என்றார். பிறகு மறுபடியும் ஜிலேபியைப் பற்றிக் கேட்டார்.

கிள்ளானில் அவர்களுடைய துணிக்கடைக்கு வருகிறவர்களிடம் ரபீக் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பரீதாவையும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இந்த இரண்டு வருடங்களாகத்தான் ஆள் மாறிப்போனார். பக்கத்துக் கடையில் கேட்காமல் பொருளை எடுத்துக்கொண்டு நடந்தார். பெற்ற தாய் இறந்து ஜனாஸாவைத் தூக்கும்போது சிரித்தார். மகள் ஷிரீனின் தோழிகளிடம் கூசும்படி பேசினார். சீனி டப்பாவைத் திறந்து கை கையாக அள்ளித் தின்றார்.

ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ரபீக்கின் தம்பி அத்னானுக்குச் சந்தேகமே இல்லை. அது அத்தாவின் ரத்தம். அவர்களுடைய தகப்பனார் துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவனைக் கத்தியால் குத்திவிட்டுச் சிறைக்குப் போனவர். கடைத்தெருவில் வேறு மாதிரிப் பேசினார்கள். துறைமுகத்து வரிசை வீடுகளில் அடியும் உதையும் பார்த்து வளர்ந்த பையன் எவ்வளவு நாளைக்கு நல்லவனாக இருப்பான் என்றார்கள். பள்ளிவாசல் ஹஸரத் ஓதி ஊதிவிட்டார். பரீதாவோ, தான் எதையோ சொல்லி மனதை நோகடித்துவிட்டோமா என்று பழைய பேச்சுகளை எல்லாம் தனக்குள் புரட்டிப் பார்த்தாள்.

வழக்கறிஞர் வாணிதான் மூளையைப் பரிசோதிக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டு உத்தரவு வாங்கினாள். கோலாலம்பூரில் டாக்டர் பரீதாவுக்கும் ஷிரீனுக்கும் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். மூளையின் முன்பக்கம் காய்ந்த பழம் மாதிரிச் சுருங்கியிருந்தது. கோபமும் ஆசையும் எல்லாருக்கும் வருகின்றன, அவற்றைப் பிடித்து நிறுத்துகிற இடம் இவருக்குக் கரைந்துகொண்டிருக்கிறது என்றார். மருந்து இல்லை. இனிமேல் கூடும், குறையாது.

அவருடைய தகப்பனுக்கும் இதுதானா என்று பரீதா கேட்டாள். இருக்கலாம் என்றார் டாக்டர். வளர்ந்த இடத்துக்கும் பங்கு இருக்கலாம். ரத்தம் எவ்வளவு, வீடு எவ்வளவு என்று அளந்து பிரிக்கத் தன்னால் முடியாது என்றார். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். அப்படிப்பட்ட குடும்பமாக இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேண்டுமானால் சோதித்துப் பார்க்கலாம். அதைச் சொல்லும்போது அவர் ஷிரீனைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

என் புருஷன் கெட்டவர் இல்லை என்ற நிம்மதி பரீதாவுக்கு லிஃப்ட் கீழே வந்து சேரும்வரை இருந்தது. பக்கத்தில் நின்ற ஷிரீன் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த தன் அலுவலகத்தில் வாணி நிலைமையைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஆன்டி, குற்றத்த ஒத்துக்கிட்டா ஜெயில். சில வருஷத்துல வெளிய வந்துடுவாரு. நோய்னு நிரூபிச்சா குற்றவாளி இல்லன்னு தீர்ப்பு வரும். ஆனா வீட்டுக்கு விட மாட்டாங்க. மனநல ஆஸ்பத்திரிலதான் வைப்பாங்க. மாநிலத்து சுல்தான் உத்தரவு வந்தாத்தான் வெளிய. எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

ஜெயிலில் அவர் பிழைப்பாரா என்று பரீதா கேட்டாள். அடுத்தவன் தட்டில் கை வைக்கிற மனிதரை அங்கே என்ன செய்வார்கள் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. 

அத்னான் ஜெயிலே போதும் என்றான். ஷிரீனுக்கு ஜெஞ்சாரோமில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. அண்ணன் மனைவியை மச்சி என்றுதான் அவன் அழைப்பான். "மச்சி, கோவக்காரர்னா ஊரு மறந்துடும் லா. மூளை நோய், பிள்ளைக்கும் வரும்னு கோர்ட்டுல எழுதிட்டா, யாரு இந்தப் பொண்ணக் கட்டுவா?" என்றான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அவன் பேசவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பரீதா பண்டமாரானுக்குப் போய்ப் பாலன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி தாமரை கதவுச் சங்கிலியை எடுக்காமலே யாரென்று கேட்டாள். பெயரைச் சொன்னதும் உள்ளே பார்த்தாள். அவளை உள்ளே விடச் சொல்லிப் பாலனின் குரல் வந்தது.

பாலன் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். பரீதா நோயைப் பற்றிச் சொன்னாள். ஸ்கேன், சுருக்கம், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் இங்கே எதைக் கேட்க வந்தோம் என்பதே அவளுக்கு விளங்காமல் போயிற்று. கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாலன் நல்ல கண் அவளைப் பார்க்கும்படி தலையைத் திருப்பினார்.

"அக்கா, அந்த ஆள நெனச்சு நெனச்சுத்தான் நான் வலியத் தாங்கிக்கிட்டிருந்தேன். ஜெயில்ல கெடந்து அழுகட்டும்னு. இப்ப நீங்க வந்து, அது அவரே இல்லங்கறீங்க. அப்ப நான் யாரக் கோவிச்சுக்கிறது?"

தாமரை அழுதாள். பரீதாவை எழுந்து போகச் சொன்னதும் அவள்தான்.

வீட்டில் ஷிரீன் காத்திருந்தாள். அவளே முடிவெடுத்திருந்தாள். "கோர்ட்டுல உண்மையச் சொல்லிடுங்கம்மா. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே சொல்லிட்டேன்." அவர்கள் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவள் எடுக்க மாட்டேன் என்றிருந்தாள். கல்யாணம் அத்தோடு நின்றது.

நீதிமன்றத்தில் டாக்டர் சாட்சி சொன்னார். ரபீக் குற்றவாளி அல்ல, ஆனால் மனநல மருத்துவமனையில் வைக்கப்பட வேண்டும் என்று நீதிபதி வாசித்தபோது அவர் கொட்டாவி விட்டார். அழைத்துப் போகும்போது திரும்பிப் பார்ப்பார் என்று பரீதா கடைசிவரை எதிர்பார்த்தாள். அவர் போலீஸ்காரரின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுக்கப் போராடிக்கொண்டே போனார்.

மருத்துவமனை பேராக் மாநிலத்தில் இருந்தது. அம்மாவும் மகளும் மாதாமாதம் போய் வந்தார்கள். அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒருமுறை பரீதாவைப் பார்த்து, நீங்கள் யார் வீட்டுப் பெண் என்று மரியாதையாகக் கேட்டார். கல்யாணமான புதிதில் இருந்த அதே குரல். 

அன்று திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் நின்றார்கள். வரிசையில் ஒருவன் குறுக்கே காரை நுழைத்தான். ஷிரீன் கதவைத் திறந்து இறங்கி அவன் கார்க் கண்ணாடியைக் கையால் ஓங்கித் தட்டினாள். அவன் ஏதோ சொன்னான். அவள் இன்னும் பலமாகத் தட்டினாள், கத்தினாள். அவன் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போன பிறகும் அவள் கை ஓங்கியபடியே இருந்தது.

காருக்குள் வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பரீதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்களை எடுக்க முடியவில்லை.

"என்னம்மா அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எனக்குக் கோவம் வரக்கூடாதாம்மா?"

பரீதா மகளின் சிவந்த உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. இருவரில் யாரும் அசையவில்லை.