மரியகிராசியாவின் கல்யாண ஓலை

மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்த முதல் ஞாயிறே மரியகிராசியா இரண்டு பேரானாள். உபதேசியார் “மரிய” என்றதும் அவருக்குத் தும்மல் வந்தது. நிதானமாகத் தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கிராசியா” என்றார். அதற்குள் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். அதே முகம், அதே பச்சைச் சேலை. பழையவள் மரியா, புதியவள் கிராசியா என்றானது.

தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்றுதான் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது. தூத்துக்குடியில் அதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. அன்று ஊரே எழுந்து நின்றது. மாப்பிள்ளை ஒருவன், பெண் இரண்டு.

ஊர்க் கமிட்டிக்கு நியாயம் முக்கியம். மூன்றாவது ஓலைக்குள் இவர்கள் ஒன்றாகாவிட்டால் மாப்பிள்ளை பெலவேந்திரனைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுப்பது என்று முடிவானது. மறுநாளே தையல்காரர் வந்து, டேப்பால் அளந்து, அவன் இடுப்பைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். பெலவேந்திரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், பொறுமைசாலி. கோடு அழியாமல் குளிக்கப் பழகிக்கொண்டான்.

மரியா விடுவதாக இல்லை. அப்பாவோடு மல்லுக்கட்டி வாங்கிய மாப்பிள்ளை. மேல்பாதி யாருக்கு, கீழ்பாதி யாருக்கு என்று தெருவே பேசிச் சிரித்தது. அவளுக்கு முழுசாக வேண்டும்.

கிராசியா நல்லவள், அதுதான் கஷ்டம். அவள் போய் நின்ற இடத்தில் சண்டைக்காரர்கள் பாயாசம் வைத்தார்கள். மரியா வடித்த சோறோ குழைந்தது. அவள் வணக்கம் வைத்தால் பதில் வணக்கம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

மூன்றாம் ஞாயிறு கோயிலின் நடுப்பாதை நீண்டுபோயிருந்தது. பாதி வழியில் டீக்கடை போட்டிருந்தார்கள். மரியா டீ குடிக்காமலே நடந்து பீடத்துக்கு வந்தாள். கிராசியா முன்னாலேயே வந்திருந்தாள். கமிட்டித் தலைவர் ஒரு சலுகை தந்தார்.

“பேருக்கு அர்த்தம் சொல்லுங்கட்டி. சரியாச் சொல்லுதவளுக்கு மாப்பிள்ளை முழுசா.”

மரியா முதலில் சொன்னாள். எபிரேயத்தில் மிரியாம் என்ற பெயர், அதிலிருந்து வந்தது. கசப்பு என்கிறார்கள், பிரியமானவள் என்கிறார்கள், படித்தவர்களுக்குள் இன்னும் தீரவில்லை என்றாள். பெஞ்சுகள் சிரித்தன.

கிராசியாவுக்குத் தடுமாற்றமே இல்லை. லத்தீன் சொல், அருள் என்று அர்த்தம், இத்தாலிக்காரர்கள் நன்றி சொல்வதும் இதை வைத்துத்தான் என்றாள். ஊர் கைதட்டியது. தையல்காரர் ஏமாற்றத்தோடு கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார்.

 ஆனால் மரியா கப்பல்காரர் மகள். இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் சரக்கு இறக்கியபோது கேட்ட பெயரை அப்பா அவளுக்கு வைத்தார். அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு மரியா; அருள் தருகிற மாதாவுக்குக் கோயில்கள்; அந்த மாதா பேரைப் பிள்ளைக்கு வைக்கத்தான் இரண்டையும் சேர்த்தார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அவள் கிராசியாவிடம் திரும்பினாள். “அருளுன்னு சொன்னியே. யாரோட அருளு?”

கிராசியா வாயைத் திறந்தாள். ஊரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். தும்மலில் வந்தவளுக்குப் பெற்ற வீடு எங்கும் இல்லை. கடைசியில் மரியாவின் கையைப் பிடித்தாள்.

“உன்னோடதுதான்.”

பிடித்த கை திரும்பி வரவில்லை. முதலில் விரல்கள் மரியாவின் கைக்குள் போயின, பிறகு வளையல், பிறகு அவள். பீடத்தின் முன்னே ஒருத்திதான் நின்றாள். இரண்டு பேர் உயரம் இருந்தாள். கூரை மரியாதையாக மேலே ஏறி இடம் விட்டது.

உபதேசியார் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர் உண்டா என்று கேட்டார். மரியகிராசியா குனிந்து பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. வெளியே துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் ஒன்றாக ஊதின.

பெலவேந்திரனை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு நடந்தாள்.

“எறக்கி விடுட்டி,” என்றான் அவன். “ஊரே பாக்குது.”

“பாக்கட்டும்,” என்றாள்.