வெள்ளிக்கிழமைக் குளிசை

"கொஞ்சநாளைக்கு வயித்தைக் கலக்கும். பிறகு பழகிடும்" என்று சொல்லித்தான் கிளினிக்கில் தாதி குளிசைகளைக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தாள். பழகிடும்! வன்னியில் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே ஜெயரூபிக்குக் காது புளித்துப் போயிருந்தது. கூடாரத்துக்குப் பழகு என்றார்கள், பழகினாள். தகரக் கொட்டிலுக்குப் பழகு என்றார்கள், அதற்கும் பழகினாள். கட்டிலோடு கிடக்கிற புருசனுக்கும் பழகிவிட்டாள். இப்போது சலரோகம் என்கிற சீனி வருத்தமும் அதற்கான குளிசையும்.

வேறு வேலை செய்கிறவளாக இருந்தால் வயிறு கலங்குவது ஒரு விசயமே இல்லை. கடை வைத்திருந்தால் கடையைச் சாத்திவிட்டு ஓடலாம். வயலென்றால் வரம்புக்கு அங்காலே பற்றை இருக்கிறது. ஜெயரூபி கண்ணிவெடி அகற்றுகிறவள். ஒரு மீற்றர் அகலப் பாதையில், தடித்த பாதுகாப்பு அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு, முழந்தாளில் நின்று மண்ணை விரல் விரலாகச் சுரண்ட வேண்டும். முன்னால் துப்புரவாக்கிய எல்லையைக் காட்டும் சிவப்புக் கட்டை. அதற்கு அங்கால் என்ன கிடக்கிறதென்று ஆண்டவனுக்கும் தெரியாது. அவசரம் என்றால் கையை உயர்த்த வேண்டும், குழுத் தலைவன் செந்தூரன் வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும், துப்புரவாக்கிய வழியால் மெல்ல நடந்து ஓய்வுக் கொட்டில்வரை போக வேண்டும். கக்கூசு அதற்கும் பின்னால். வயிற்றால் போகிறவளுக்கு இது நடக்கிற காரியமா?

முதல் நாளே நாலைந்து தடவை கையை உயர்த்தினாள். செந்தூரன் நல்ல பெடியன், ஒவ்வொரு தடவையும் வந்து கூட்டிக்கொண்டு போனான். ஆனால் ஒவ்வொரு நாளும் விடிய வேலை தொடங்குமுன் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "ஆருக்கும் வருத்தம் இருக்கோ? குளிசை ஏதும் பாவிக்கிறியளோ?" என்று கேட்பது அவனுடைய கடமை. எல்லாரோடும் சேர்ந்து அவளும் இல்லையென்று தலையாட்டினாள். சலரோகம் என்று தெரிந்தால் பாதையில் இறக்க மாட்டார்கள். அந்த ஊரில் அவளுடைய வயதில், அவளுடைய படிப்புக்கு, வீட்டுக்கு அரிசியும் புருசனுக்குக் கட்டிவிடப் பம்பஸும் வாங்கக்கூடிய வேலை வேறொன்று இல்லை. கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறவன் சிவகரன்.

கால்கள் போனாலும் அவனுடைய பகிடி போகவில்லை. ஒருநாள் பின்னேரம் கட்டிலில் கிடந்தபடி குரல் கொடுத்தான்.

"இஞ்சேரும், என்ர பம்பஸை ஆரோ களவெடுக்கினம்."

"நான்தான் எடுத்தனான்" என்றாள் ஜெயரூபி. "வேலைக்குப் போட்டுக்கொண்டு போறன். வயித்தால போகுது."

அவன் இருமல் வரும்வரை சிரித்தான். "ரெண்டு பேருக்கும் ஒரே உடுப்பு. கலியாணத்தண்டு கூட எங்களுக்கு இப்பிடி வாய்க்கேல்லை."

அவளும் சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய்ச் சட்டியைக் கழுவுகிற சத்தத்தோடு அழுதாள். பகல் முழுக்க வெயிலில், அந்த அங்கிக்குள், அந்தக் கோலத்தோடு முழந்தாளில் இருந்ததை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. புருசனுக்கு மாற்றிவிடுகிறபோது ஒருநாளும் அருவருக்காதவள், தன்னை அருவருத்தாள்.

அதன்பிறகு அவள் தனக்குத்தானே வைத்தியம் பார்க்கத் தொடங்கினாள். வேலை நாளில் குளிசை இல்லை. சனி, ஞாயிறு வீட்டில் நிற்கும்போது மட்டும் போட்டாள். வயிறு அடங்கியது. சீனி அடங்குமா? அடுத்த கிளினிக்கில் டொக்டர் இரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"குளிசையை ஒழுங்காப் போடுறீங்களா, அம்மா?"

"ஓம் டொக்டர். ஒருநாளும் விடுறேல்லை."

பாவம், அவர் நம்பினார். ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றால் இன்னொன்று சேர்க்கத்தானே வேண்டும்? இன்னுமொரு சின்னக் குளிசை எழுதினார். "இதைச் சாப்பிடாமல் மட்டும் போடாதீங்க" என்று தாதி இரண்டு தரம் சொன்னாள்.

புதுக் குளிசை தங்கமானது. வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. வேலை நாளிலும் காலமை பிட்டுச் சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டாள், ஒரு கரைச்சலும் இல்லை. மற்றதில் அன்றன்றைய குளிசையை மட்டும் கோழிக்கூட்டுப் பக்கம் எறிந்தாள். இனித் தப்பிவிட்டேன் என்றே நினைத்தாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தது. சிவகரன் ஆசுப்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த காலத்தில் அவள் அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அவன் உயிரோடு வந்தால் தான் சாகும்வரை வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபட்ட பிறகு ஒருநேரச் சாப்பாடு. உயிரைக் கேட்டாள், உயிர் வந்தது. கால்களையும் சேர்த்துக் கேட்க அப்போது தோன்றவில்லை. அந்த விரதத்தை அவள் ஒரு வெள்ளிகூட விட்டதில்லை. பகலில் வெறுந்தேத்தண்ணிதான் ஆதாரம். முன்பு அதில் இரண்டு கரண்டி சீனி இருந்தது, வருத்தம் வந்தபிறகு அதுவும் இல்லை.

குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். சாப்பிட்டுவிட்டுப் போடு என்று முதல் குளிசைக்கும் சொன்னார்கள், அது வயிற்றுக்காக. இது வயிற்றை ஒன்றும் செய்வதில்லை. அப்படியென்றால் சாப்பிட்டால் என்ன, விட்டால் என்ன? டொக்டருக்குச் சொன்ன பொய்யை இனியாவது உண்மையாக்குவோம் என்று நினைத்து, சீனியில்லாத தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியது. முதலில் வேர்த்தது. எல்லாருக்கும் வேர்க்கும் வெயில்தான், ஆனால் இது குளிர் வேர்வை. வெடி தேடுகிற கருவி கீச்சிட்டது. வழமைபோல் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனாள். வெடியின் பச்சை நிற விளிம்பு தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கை நடுங்கத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. தன்னுடைய கையே தன் சொல் கேளாமல் வெடிக்குப் பக்கத்தில் ஆடுவதை முகமூடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துப் பாதையில் சிவதர்சினி குனிந்திருந்தாள். அவளுக்குப் பால்குடி மறக்காத பிள்ளை. கையை உயர்த்தினால் வேலை போகும் என்பது ஜெயரூபிக்கு நல்லாகத் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று மனம் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு, மண் சுரண்டுகிற கரண்டியை மெல்லப் பின்னால் எடுத்து நிலத்தில் வைத்தாள். கையை உயர்த்தினாள்.

கொட்டிலில் மருந்துக்காரப் பெட்டை விரலில் குத்திச் சீனியைப் பார்த்தாள். அது அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததைக் கண்டு பதறி, சீனி கரைத்த தண்ணீரைப் பருக்கினாள். விரதம் முறிந்தது. நடுக்கம் மெல்ல அடங்கியது.

"என்ன குளிசை அக்கா போடுறியள்?"

இனி மறைத்து என்ன? சொன்னாள். செந்தூரன் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தான்.

"தம்பி, வெயில் எண்டு எழுதும். இனி விரதம் பிடிக்கமாட்டன். அம்மனாணை."

"அக்கா, நீங்கள் கையை உயர்த்தியிராட்டி என்ன நடந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும்." அவன் பேனாவை எடுத்தான். "ஆனா இனி உங்களைப் பாதையில இறக்க எனக்கு மனம் வராது. ஒப்பிஸும் விடாது."

"வேற வேலை? சமையல், கூட்டிப் பெருக்கிறது?"

"கேட்டுப் பாக்கிறன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் அது நடவாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் திடலில் வெடி எடுக்கிற வேலையும் முடியப்போகிறது, இருக்கிறவர்களையே குறைக்கிறார்கள்.

திங்கட்கிழமை விடிய, வேலை வாகனம் பழக்கத்தில் ஒழுங்கை முகப்பில் கோன் அடித்தது. பிறகு நினைவு வந்ததுபோல் போய்விட்டது. ஜெயரூபி பிட்டுச் சாப்பிட்டாள். இரண்டு குளிசைகளையும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வயிறு கலக்கியது. கக்கூசு குசினிக்குப் பின்னால்தான். கையை உயர்த்தத் தேவையில்லை, ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. எத்தனை தரமும் போகலாம்.

அவள் திரும்பி வரும்போது சிவகரன் கட்டிலருகே இருந்த பம்பஸ் பைக்கற்றுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். அடியில் கொஞ்சந்தான் கிடந்தன.

"பயப்பிடாதேங்கோ" என்றாள். "இனி நான் எடுக்கமாட்டன்."

அவன் மிச்சம் கிடந்தவற்றை வெளியே எடுத்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான்.