நீர்மோர்ப் பந்தலின் முதல் டம்ளர்

சங்கரன்கோவிலில் மாரித்தாயின் தெருவில் குழாயைத் திறந்தால் சாக்கடையும் சேர்ந்தே வரும். அதைக் குடித்துத்தான் அவள் மகள் அனு மஞ்சள்காமாலையில் விழுந்தாள். நியாயம் கேட்கப் போனவளிடம் கவுன்சிலர் ஆவுடையப்பன், "கொழாத் தண்ணி எளநி மாதிரில்லா இருக்கு! ஒம் மவ கண்ட பானிபூரியத் தின்னுருப்பா" என்று சிரித்தார். அன்றே மாரித்தாய் மனதில் கறுவிக்கொண்டாள்.

சித்திரை வெயிலில் ஆவுடையப்பன் நீர்மோர்ப் பந்தல் திறந்தார். ஃப்ளெக்ஸில் அவர் 'குடிநீர்க் கொடைவள்ளல்'. மோர் கலக்கும் வேலையை மாரித்தாய் வலியக் கேட்டு வாங்கினாள். பந்தல் திறப்பவர்தான் முதல் டம்ளர் குடிக்க வேண்டும். செல்போன்கள் உயர்ந்தன. அவர் வாய் நிறைய உறிஞ்சியதும் அவள் உரக்கச் சொன்னாள்: "நல்லாக் குடிங்க அண்ணாச்சி, நம்ம தெருக் கொழாத் தண்ணியிலதான் கலக்கிருக்கேன்."

மோர் புஸ்ஸென்று பீறிட்டு, முன்னால் நின்ற கட்சிக்காரர்களின் வெள்ளைச் சட்டைகளை நனைத்தது.

"ஏட்டி, கொல்லப் பாக்கியா? அத மனுசன் குடிப்பானா?" என்று அலறினார் கொடைவள்ளல்.

"அதத்தான அண்ணாச்சி அன்னைக்கி நானும் சொன்னேன்! பயப்படாதிய, இது நீங்க அனுப்புன கேன் தண்ணிதான்."

தெருவே கைகொட்டியது. மாரித்தாய் டம்ளரை மறுபடி நிரப்பி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். செல்போன்கள் இன்னும் இறங்கவில்லை.