வெண்முல்லை மில் கட்டுரையில் ஒரு வரி

1

இந்தக் கதை இலக்கிய ஆர்வத்தால் பிறந்ததல்ல. இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு வரி சேர்க்க எனக்கு அச்சான ஆதாரம் வேண்டும். தேடிப் பார்த்தேன், இல்லை. அதனால் நானே எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன்.

கட்டுரை, ராஜபாளையம் வெண்முல்லை பேண்டேஜ் மில்லைப் பற்றியது. நான் அங்கே ஆபீஸ் கிளார்க்காக இருந்தவன், பெயர் ஞானதுரை. வரி, அங்கே மடிப்புப் பிரிவில் வேலை பார்த்த என் மனைவி கிருபாபாயைப் பற்றியது. மில்லை 1998இல் மூடினார்கள். கிருபா போன பங்குனியில் இறந்துபோனாள்.

2

முதல் தொடக்கம்: "மலைமுகட்டில் மேகம் தவழ்ந்த ஒரு காலைப்பொழுதில், மடிப்புப் பிரிவின் ஜன்னல் வழியே—" (மடிப்புப் பிரிவுக்கு ஜன்னல் கிடையாது.)

இரண்டாவது: "அமைதியே உருவான கிருபாபாய்—" (தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

மூன்றாவது, நடந்தது: பேண்டேஜ் ரோல் வெள்ளை, அதன் முனையும் வெள்ளை. லேபிள் ஒட்டும் பெண்கள் முனையைத் தேடி நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பார்கள். 1986இல் ஒருநாள் கிருபா, வீட்டிலிருந்து சொட்டு நீலத்தை மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோய், ஒவ்வொரு முனையிலும் விரலால் ஒரு பொட்டு வைத்தாள். சூப்பர்வைசர் திட்டினார். ஆனால் ஆஸ்பத்திரி நர்சுகள் "அந்த நீலப்பொட்டு ரோலே அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு மில்லின் அடையாளமே அந்தப் பொட்டுதான்.*

* அவள் ஆள்காட்டி விரல் எப்போதும் நீலமாகவே இருக்கும். சர்ச்சில் ஒரு பாட்டியம்மா, "ஏட்டி, எந்த எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போட்ட?" என்று வாராவாரம் கேட்பார்.

3

1989, வெள்ளிவிழா மலர். எழுதும் வேலை என் தலையில். நீலப்பொட்டுக் கதையை நடந்தபடியே எழுதி மேனேஜர் வைகுண்டராஜிடம் நீட்டினேன்.

"என்னய்யா இது? பொம்பள ஒருத்தி சொட்டு நீலத்தத் தொட்டு வச்சான்னா வெள்ளிவிழாவுக்கு நல்லாவா இருக்கு? மொதலாளிக்குத் தோணுச்சுன்னு எழுதும்."

"எங்க வச்சு சார் தோணும்?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல வச்சுத் தோணட்டும். பக்கந்தான!"

எழுதினேன். ஆடிப்பூரத் தேரோட்டம். கூட்டத்தில் வடத்தின் முனை தெரிவதற்காக நீலத்துணி கட்டியிருக்கிறது. முதலாளி அதைப் பார்க்கிறார், மெய்சிலிர்க்கிறார். (தேர் வடத்தை நான் தொட்டதுகூட இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. நீலத்துணி முழுக்க என் சரக்கு.) முதலாளிக்கு மிகவும் பிடித்துவிட்டது. மறுவருடத்திலிருந்து அவரே அந்தத் துணியைப் பார்த்ததாக வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். நான்காம் வருடம் அது பட்டுத்துணியாகிவிட்டது.

4

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடலாமென்று இருந்தேன்.

கிருபாவின் பெயர் மலரில் வரும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மலர் வந்த அன்று அவள் சமைக்கவில்லை. அட்டையிலிருந்து அட்டைவரை பார்த்தாள்.

"எம்பேரு எங்க இருக்கு?"

"ஏட்டி, பொறவு சொல்லுதேன்."

"அறுவத்துநாலு பக்கமும் பாத்துட்டேன். சிமிண்டுக்கடை விளம்பரத்தக்கூட விடல. வாட்ச்மேன் கண்ணுச்சாமி பேரு இருக்கு, அவரு வளத்த நாயி போட்டோ இருக்கு."

"அடுத்த மலர்ல கட்டாயம் போட்டுருவோம்."

"அடுத்தது எப்ப?"

"பொன்விழாவுக்கு."

"அம்புட்டு நாளு நா இருப்பேன். மில்லு இருக்கணும்லா!"

அப்படியேதான் நடந்தது.

5

இப்போது களஞ்சியத்தில், "ஆன்மிகப் பின்னணி" என்ற தலைப்பில் என் தேர் இருக்கிறது. ஆதாரம்: வெள்ளிவிழா மலர், பக்கம் 11. நான் அதை நீக்கி கிருபாவை எழுதினேன். கூமாப்பட்டியான்77 என்ற பயனர் என்னை நீக்கிவிட்டுத் தேரைத் திரும்ப நிறுத்தினார். உரையாடல் பக்கத்தில் நடந்தது இது.

"ஐயா, தாங்கள் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். குறிப்பிடப்படுபவரின் கணவரும்கூட. தாங்கள் இதைத் தொகுப்பது முறையல்ல."

"மலரில் இருப்பது பொய், தம்பி."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"எழுதியவன் நான்."

"அதற்கு ஆதாரம் உண்டா?"

மலரில் "தொகுப்பு: மலர்க்குழு" என்று மட்டும்தான் இருக்கிறது. குழுவில் நான் ஒருவன்தான்.

6

முடிவு அ: கூமாப்பட்டியான்77 போன் செய்கிறார். "அய்யா, எங்கம்மாவும் மடிப்புலதான் இருந்தாக. கிருபாக்காவ நல்லாத் தெரியுமாம்!" (எழுதும்போது ஆசையாகத்தான் இருந்தது. அழித்துவிட்டேன். ஆதாரம் இல்லை.)

முடிவு ஆ: இந்தக் கதை அச்சாகிறது, அதையே ஆதாரமாக— (அதையும் அவரிடம் கேட்டுவிட்டேன். "கதை ஆதாரமாகாது, ஐயா." சரி, கட்டுரை என்று போடுங்கள் என்று பத்திரிகைக்கு எழுதினேன். "அனைத்தும் உண்மையா?" என்று பதில் வந்தது. சூப்பர்வைசர் திட்டினாரா, முறைத்தாரா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.)

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் வெண்முல்லையில் வேலை பார்த்ததில்லை. கிருபாவைக் கல்யாணம் செய்ததும் இல்லை. முழுத் தகுதியும் உங்களுக்கு இருக்கிறது. சேர்க்க வேண்டியது இவ்வளவுதான்:

"ரோலின் முனையில் நீலப்பொட்டு வைக்கும் வழக்கத்தை 1986இல் மடிப்புப் பிரிவுத் தொழிலாளி கிருபாபாய் தொடங்கினார்."

நான் சேர்த்தபோது ஒன்பது நிமிடம் நின்றது. நீங்கள் ஒரு கால்மணி நேரம் நிறுத்துங்கள், போதும். அதற்குள் யாராவது ஒருவர் படித்துவிடுவார்.