கை காட்டிய பக்கம்

காரோடு கோத்த படகு ட்ரெய்லரைப் பின்னோக்கி ஓட்டுவது சாதாரண வித்தை இல்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போகும், வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போகும். இது தெரியாத மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஏரிக்கரைச் சரிவில் படகை ஏற்ற வந்து, நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். நம் பல் டாக்டருக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. இருபத்தாறு வருடமாக விரல் நகம் அளவுக் கண்ணாடியை அடுத்தவர் வாய்க்குள் விட்டு, அதில் தெரியும் கடைவாய்ப் பல்லைக் குடைந்தவர் அவர். கண்ணாடியில் பார்த்து எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வது அவர் கைக்குப் பழகிவிட்டது. பக்கக் கண்ணாடிகளில் ஒரு பார்வை, ஒரே மூச்சில் ட்ரெய்லர் தண்ணீருக்குள் இருக்கும். சரிவுக் காவலாளி அவருக்கு 'ஒத்த ரிவர்ஸ்' என்று பெயரே வைத்திருந்தான்.

டாக்டருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பிழைத்தவர், தன் வாயைத் திறந்து ஒருவரிடமும் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் அவர் மனைவி இதை ஒரு நல்ல குணம் என்று தன் வீட்டாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள். பிறகு பெருமைப்படுவதை நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிறு சும்மா ஞாயிறு இல்லை. டாக்டரின் ஒரே மகள் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். எந்தத் தூண் எவ்வளவு தாங்கும், எது தாங்காது என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் உத்தியோகம். வந்த வரன்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். எட்டு வரன்கள் தாங்கவில்லை. இது ஒன்பதாவது. மாப்பிள்ளைக்கு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மாத்திரையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவாராம். அவருடைய அப்பா ஓய்வு பெற்ற சர்வேயர். மூன்று முறை இரு வீட்டாரும் சந்தித்தாயிற்று, இன்னும் ஒன்றும் உறுதியாகவில்லை. ஆனால் இரண்டாம் சந்திப்பிலேயே சர்வேயர் டாக்டரை "சம்பந்தி" என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார். டாக்டரும் பதிலுக்கு அழைக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமா?

"ஒரு நாள் எல்லாரும் படகுல போயிட்டு வருவோம். சாயங்காலம் என் பதிலைச் சொல்றேன்" என்று மகள் சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் முழுக்க மனைவி டாக்டருக்குப் பாடம் எடுத்தாள். "ஏங்க, அவர் எது சொன்னாலும் தலையாட்டுங்க. உங்க படகு, உங்க காருன்னு எதையும் ஆரம்பிச்சிடாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன், இந்த இடம் மட்டும் கை நழுவிடக் கூடாது."

தலையாட்டுவதற்கு டாக்டருக்குப் பாடம் தேவையில்லை. ஆனாலும் அதற்கும் தலையாட்டினார். அவருக்கும் இந்த இடம் முடிந்தால் தேவலை என்று இருந்தது. எட்டு முறை வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்து, காபி டம்ளர்களைக் கழுவி வைத்த வீடு அது.

காலையில் விருந்தாளிகள் வருவதற்கு முன்பே டாக்டர் படகை ஒரே ரிவர்ஸில் இறக்கிவிட்டார். ஆகவே அவருடைய ஒரே வித்தையை சர்வேயர் பார்க்கவில்லை. சர்வேயரின் மனைவி தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும் என்று வரவில்லை. மற்ற ஐந்து பேரும் ஏரியில் நாலு மணி நேரம் சுற்றினார்கள். சர்வேயர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி ஏரியின் அகலத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு" என்றார். அந்தக் கரைப் பக்கம் போகலாமா, தீவுப் பக்கம் போகலாமா என்று மகள் கேட்டபோது, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தார். அடக்கமான பையன் என்று டாக்டரின் மனைவி மனதுக்குள் இன்னொரு மதிப்பெண் போட்டாள்.

திரும்பி வந்து படகைத் துறை மேடை ஓரம் நிறுத்தினார்கள். மாப்பிள்ளை கணுக்கால் தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மகள் படகின் முன் மூக்கில் உட்கார்ந்தாள். ட்ரெய்லர் வந்ததும், படகை அதன் மேல் இழுத்து ஏற்றும் வின்ச்சின் கொக்கியை மாட்டுவது அவள் வேலை. டாக்டர் மேலே போய்க் காரில் ஏறினார். கையை நீட்டிக் கண்ணாடியைச் சரி செய்யப் போன நேரத்தில், துறை மேடையிலிருந்து சர்வேயரின் குரல் வந்தது.

"சம்பந்தி! கண்ணாடியெல்லாம் நம்பாதீங்க. நான் கை காட்டுறேன், என் கையைப் பாத்து வாங்க. முப்பத்திரண்டு வருஷம் இதான் எனக்கு வேலை!"

அவர் சொன்னது பொய் இல்லை. வெட்டவெளியில் கம்பு பிடித்து நிற்கிற ஆட்களை, தொலைவிலிருந்து கையசைத்தே இம்மி இம்மியாக நகர்த்தியவர் அவர். அவர் கை காட்டிய பக்கம் கம்பு போகும். ஆனால் கம்பு பிடிக்கிற ஆள் ஒன்று, ட்ரெய்லர் ஒன்று.

'வேண்டாங்க, எனக்குப் பழக்கம்' என்று ஒரு வாக்கியம் டாக்டரின் தொண்டை வரை வந்தது. அதற்குள் கரையிலிருந்து மனைவி முந்திக்கொண்டாள். "அவர் அப்படியே வருவார். நீங்க சொல்லுங்க சம்பந்தி!"

டாக்டர் அந்த வாக்கியத்தை விழுங்கினார். ஜன்னல் வழியே தலையை நீட்டி, சர்வேயரின் கையைப் பார்த்து ரிவர்ஸ் போட்டார்.

"ஸ்டியரிங்க இடது பக்கம்... இன்னும் கொஞ்சம் இடது..."

சர்வேயர் ட்ரெய்லரை இடது பக்கம் கொண்டுவர நினைக்கிறார் என்பது டாக்டருக்குப் புரிந்தது. இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போய்ச் சரிவின் ஓரத்தில் இறங்கும் என்பதும் புரிந்தது. எவ்வளவு மரியாதை இருந்தாலும் இருபத்தாறு வருடக் கை சும்மா இருக்குமா? யாருக்கும் தெரியாமல் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினார். ட்ரெய்லர் சமர்த்தாக நேராகப் போக ஆரம்பித்தது.

"ஐயோ, அந்தப் பக்கம் இல்ல சம்பந்தி, இந்தப் பக்கம்!"

டாக்டர் மாட்டிக்கொண்டவரைப் போலச் சிரித்துவிட்டு இடது பக்கம் திருப்பினார். ட்ரெய்லர் கோணியது. சர்வேயர் இன்னும் இடது காட்டினார், அது இன்னும் கோணியது. வரிசையில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காரைவிட்டு இறங்கி வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"என்ன டாக்டரே, உடம்பு சரியில்லையா?" என்று காவலாளி கத்தினான்.

டாக்டர் காது கேளாதவர் மாதிரி இருந்தார். ட்ரெய்லரின் மட்கார்டு தண்ணீரில் மூழ்கியது. அவர் எப்போதும் நிறுத்தும் இடம் அதுதான். அதற்குக் கீழே கான்கிரீட்டில் பாசி, பாசியைத் தாண்டினால் கான்கிரீட்டே கிடையாது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு சர்வேயரைப் பார்த்தார். சர்வேயரின் கை 'வா, வா' என்றது.

"வரலாம், வரலாம். அளவு என் கண்ணுல இருக்கு!"

'போதுங்க.' ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. டாக்டர் மகளைப் பார்த்தார். அவள் படகில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தாள். மனைவியைப் பார்த்தார். அவள் சர்வேயரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் காரின் பின்சக்கரத்தையும் அதற்குக் கீழே இருந்த பாசியையும், தொழில் செய்கிற பார்வையோடு மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றார்.

டாக்டர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

பின்சக்கரம் பாசியில் ஏறியதும் கார் யாரையும் கேட்கவில்லை. மறுபடி மிதித்த பிரேக்கையும் மதிக்கவில்லை, கைபிரேக்கையும் மதிக்கவில்லை. வழவழவென்று இறங்கியது. ட்ரெய்லர் ஒரு பக்கமாகச் சரிந்து கான்கிரீட்டின் விளிம்பைத் தாண்டி உட்கார, அதன் இழுப்பில் காரின் பின்பாதி ஏரிக்குள் போயிற்று. கதவுச் சந்து வழியே தண்ணீர் நிதானமாக உள்ளே வந்து, டாக்டரின் புதுச் செருப்பை மிதக்க வைத்தது. பிறகு இருக்கைக்கு ஏறியது. டாக்டர் இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இன்னும் சர்வேயரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை இப்போதுதான் மெதுவாக உயர்ந்து, 'போதும்' என்று காட்டியது.

காவலாளி டிராக்டரைக் கொண்டுவந்தான். படகிலிருந்து மார்பளவு தண்ணீரில் இறங்கி வந்து சங்கிலி மாட்டியது மகள். கார் வெளியே வந்தது, ஆனால் உயிரில்லை. அதை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு ட்ரெய்லரை டிராக்டரில் கோத்தார்கள். காவலாளி அதை நேராக இறக்க, மகள் கொக்கியை மாட்டி வின்ச்சைச் சுற்றினாள். படகு டக், டக் என்று ஏறி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. படகு ஏற மொத்தம் நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

வின்ச்சைப் பூட்டிவிட்டு மகள் மாப்பிள்ளையைக் கேட்டாள். "கார் வழுக்கப் போகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றார் மாப்பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"அப்ப ஏன் சொல்லல?"

"அப்பா கை காட்டிட்டு இருந்தாரே."

அவள் படகின் பின்பக்கம் வந்தாள். அங்கே டாக்டர் சொட்டச் சொட்ட நின்று பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, சாயங்காலம் பதில் சொல்றேன்னேன்ல. வேண்டாம்ப்பா."

"ஏம்மா, நல்ல பையன்தானே? ஒரு கார் போனா போகுது..."

"நல்லவர்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா, தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டுத் தண்ணிக்குள்ள போற நல்லவர் ஒருத்தர் நம்ம வீட்ல ஏற்கெனவே இருக்கார். அம்மா பட்டது போதும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் டாக்டர் தாங்கியிருப்பார். அவர் சட்டையில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். இருபத்தொன்பது வயது மகள், அவர் கஷ்டப்பட்டு இத்தனை வருடமாக நல்ல குணம் என்று காப்பாற்றி வந்ததை இப்படித்தான் பார்த்திருக்கிறாள். வலித்தது. அதைவிட, அவள் சொன்னது சரி என்று தெரிந்தது அதிகமாக வலித்தது.

அதற்குள் சர்வேயர் துறை மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பின்னாலேயே டாக்டரின் மனைவி, முகம் முழுக்கப் புன்னகையும் கண் முழுக்க எச்சரிக்கையுமாக வந்தாள்.

"வண்டிதானே சம்பந்தி, காய வெச்சா ஓடிடும்" என்றார் சர்வேயர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப... வர்ற மாசமே ஒரு தேதி குறிச்சிடலாமா?"

மனைவி சர்வேயருக்குப் பின்னால் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். டாக்டரின் தலையும் பழக்கத்தில் அசையத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினார். பல் பிடுங்கும்போது நோயாளிகள் கைப்பிடியை இறுக்குவதைப் போல, படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க சார். வேண்டாம். என் பொண்ணுக்கு இதுல இஷ்டமில்ல."

சொல்லிவிட்டு வானம் இடிந்து விழுவதற்காகக் காத்திருந்தார். விழவில்லை. மனைவிதான் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சர்வேயர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு ட்ரெய்லரின் ஈர மட்கார்டில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா" என்றார்.

"என்னங்க?"

"காலைல கிளம்பும்போதே என் பையன் வேண்டாம்னுட்டான் சார். அவனுக்கு வேற ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்காம். இவ்ளோ நல்ல மனுஷங்க, படகெல்லாம் ஏற்பாடு பண்ணி வெச்சிருக்காங்க, எந்த முகத்தோட போய்ச் சொல்றதுன்னு நான்தான் அவன் வாயை அடைச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"அப்ப தேதி குறிக்கலாமான்னு கேட்டீங்களே?"

"கார் வேற தண்ணியில போயிடுச்சு. என்னால போச்சு. அதுக்கப்புறம் உங்ககிட்ட எப்படி சார் வேண்டாம்னு சொல்றது?" சர்வேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கை காட்டும்போதே எனக்குச் சந்தேகந்தான். ஆனா நீங்க பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்தீங்க. தெரிஞ்சுதான் வர்றார், நாம நிறுத்தச் சொன்னா மரியாதையா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். காவலாளி காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்திருந்தான், உள்ளேயிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மகளும் அந்தப் பையனும் ஆளுக்கொரு பக்கம் கால்மிதியைப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். பையன் ஏதோ சொல்ல, மகள் சிரித்தாள். நாள் முழுக்க அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. கார் மட்டும் பாசிக்கு முன்பே நின்றிருந்தால் வருகிற மாசம் இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்திருக்கும் என்று டாக்டருக்கு உறைத்தது. நனைந்து ஒரு மணி நேரம் கழித்து, அப்போதுதான் அவருக்கு உடம்பு நடுங்கியது.